லினக்ஸில் அடையாளம் தெரியாமல் இணையத்தில் உலாவுவது எப்படி?

நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்பது தளத்துக்குத் தெரியாமல் உலாவுவதுதான் அநாமதேய உலாவல். வழக்கமாக உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேராகத் தளத்துக்குப் போய்விடும். டோர் (Tor) என்ற உலாவி உங்கள் தொடர்பை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. கடிதத்தை உறைக்குள் உறையாகப் போட்டு மூன்று பேர் கைமாற்றுவது போல: முதல் ஆளுக்கு அனுப்பியவரைத் தெரியும், கடைசி ஆளுக்குப் போகுமிடம் தெரியும், இரண்டும் சேர்ந்து ஒருவருக்கும் தெரியாது.

லினக்ஸில் இதற்கு ரூட் அனுமதிகூட (கணினியின் முழு நிர்வாக உரிமை) வேண்டாம். டோர் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, கோப்பு அசல்தான் என்று காட்டும் மின்கையொப்பத்தைச் சரிபார்த்து (இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்), சுருக்கிய கோப்பை விரித்து இயக்கினால் போதும். முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைச் சொடுக்கினால் அந்த மூன்று கணினிகளும் எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்றே காட்டும்.

சாதாரண உலாவிகளில் உள்ள மறைநிலைச் சாளரமும் (incognito) டோரும் ஒன்றல்ல. மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் உலாவல் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான், ஐபியை மறைக்காது.