ரேங்க் பட்டியலில் முதலிடத்தை எந்த மருத்துவமனைக்குத் தருவது?

கேள்வி: என் மகள் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மூன்று மருத்துவமனைகள் நேர்காணல் நடத்தின. இனி அவற்றைப் பிடித்த வரிசையில் எழுதி ரேங்க் பட்டியல் தர வேண்டும். சிகாகோவில் உள்ள பெரிய மருத்துவமனைதான் அவள் ஆசை, அடுத்தது டெட்ராய்ட். ஓஹாயோவில் ஒரு சிற்றூர் மருத்துவமனை அவளிடம் மிகவும் அன்பாகப் பேசியதாம். எங்களுக்கு அறிமுகமான ஆலோசகர் ஒருவர், "சிகாகோவை முதலில் போட்டால் ஓஹாயோ கைநழுவிவிடும், கம்ப்யூட்டர் முதல் சாய்ஸைத்தான் பார்க்கும்" என்கிறார். பட்டியலைத் தாமே தயாரித்து இடத்துக்கும் உத்தரவாதம் தர 2 லட்சம் ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சிகாகோவையே முதலில் போடச் சொல்லுங்கள், ஐயா. அடுத்து டெட்ராய்ட், அதற்கடுத்து ஓஹாயோ. அந்த ஆலோசகருக்குப் பணம் எதுவும் தர வேண்டாம்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் அச்சம் போய்விடும். உங்கள் மகள் தமக்குப் பிடித்த வரிசையில் மருத்துவமனைகளை எழுதித் தருவதைப் போலவே, ஒவ்வொரு மருத்துவமனையும் தான் நேர்காணல் செய்தவர்களைத் தனக்குப் பிடித்த வரிசையில் எழுதித் தருகிறது. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாது. இரண்டு பக்கத்துப் பட்டியல்களையும் வைத்துக் கம்ப்யூட்டர் இடம் ஒதுக்குவதைத்தான் "பொருத்தல்" என்கிறோம். நம் ஊர் நீட் கலந்தாய்வில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் வரிசைதான். இங்கே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனி வரிசை என்பதுதான் நம்மவர்களைக் குழப்புகிறது.

ஓஹாயோவில் 6 இடங்கள் இருக்கின்றன, அவர்கள் பட்டியலில் உங்கள் மகள் 4-ஆவது பெயர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அவரை முதலில் சிகாகோவில் அமர்த்திப் பார்க்கிறது. அங்கே அவரைவிட மேலே எழுதப்பட்டவர்களாலேயே இடங்கள் நிரம்பிவிட்டன என்றால், டெட்ராய்ட்டில் முயல்கிறது. அங்கும் அப்படியே என்றால் ஓஹாயோவுக்கு வருகிறது. இதற்குள் அந்த ஆறு இடங்களிலும் ஆட்கள் அமர்ந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அமர்ந்திருப்பது தற்காலிகமாகத்தான். அவர்களில் ஓஹாயோவின் பட்டியலில் 9-ஆவதாக இருக்கும் ஒருவரை எழுப்பிவிட்டு, 4-ஆவதாக இருக்கும் உங்கள் மகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது. எழுப்பப்பட்டவர் தம்முடைய அடுத்த விருப்பத்துக்குப் போய்விடுவார். எல்லாருக்கும் இப்படி முயன்று, இனி நகர்த்த யாரும் இல்லை என்ற நிலையில்தான் எல்லா இடங்களும் உறுதியாகின்றன. கடைசியில் வந்ததற்காக உங்கள் மகள் எதையும் இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஓஹாயோவை முதலில் எழுதியிருந்தாலும் இதே நாற்காலிதான் கிடைத்திருக்கும். ஒருவேளை சிகாகோவில் கிடைத்திருக்கக்கூடிய இடம் மட்டும் வீணாகப் போயிருக்கும்.

இந்த ஏற்பாடு 1952-இல் தொடங்கியது. தொடக்கத்தில் மருத்துவமனைகளின் பக்கத்திலிருந்து கணக்கிட்டார்கள். பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத், பொருத்தல் கணக்கு வல்லுநர் எலியட் பெரான்சன் இருவரும் திருத்தியமைத்த பிறகு, 1998-ஆம் ஆண்டுப் பொருத்தலிலிருந்து விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது. ராத்துக்கு 2012-இல் லாயிட் ஷாப்லியோடு சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததும் இத்தகைய பொருத்தல் ஆய்வுகளுக்காகத்தான்.

மருத்துவமனை தன்னை விரும்புகிறதா என்று ஊகித்துப் பட்டியலை மாற்றுவதும் இதே தவறுதான். என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு பெண், "உங்களை மிக உயரத்தில் வைத்திருக்கிறோம்" என்று ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த மின்னஞ்சலை நம்பித் தம் மூன்றாவது விருப்பத்தை முதலிடத்துக்கு ஏற்றினார். இடம் அங்கேயே கிடைத்தது. ஆசைப்பட்ட மருத்துவமனையில் கிடைத்திருக்குமா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த மின்னஞ்சலை மருத்துவமனை எத்தனை பேருக்கு அனுப்பியது என்பதும் தெரியாது.

ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். போக விருப்பமில்லாத மருத்துவமனையின் பெயரை எழுதவே கூடாது, ஏனெனில் கிடைத்த இடத்தை ஏற்றே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓஹாயோ மருத்துவமனை எந்த விசாவில் வெளிநாட்டவரைச் சேர்க்கிறது என்பதைப் பெயரை எழுதுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் மணவயதில் மகள் உள்ள வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையும் மருத்துவராக இருந்து, இருவரும் ஒரே ஊரில் இடம் வேண்டித் தம்பதியராக விண்ணப்பித்தால், மேலே சொன்ன எளிய கணக்கு அவர்களுக்குச் செல்லாது. அவர்களுடைய பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஓர் இணை: அவளுக்கு இந்த மருத்துவமனை, அவருக்கு அந்த மருத்துவமனை. இரண்டு இடமும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்த வரியைக் கம்ப்யூட்டர் ஏற்கும். பட்டியலில் ஒரு வரியும் பொருந்தவில்லை என்றால், "சரி, பெண்ணுக்காவது தனியாகப் பார்ப்போம்" என்று அது இரக்கம் காட்டாது. இருவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். அதனால், ஒருவருக்கு இடம், மற்றவருக்கு இடமில்லை என்னும் வரிகளையும் அடியில் சேர்க்க வேண்டும். அவளுக்கு 3 மருத்துவமனை, அவருக்கு 4 என்றால் இணைகள் 12. ஒருவருக்கு மட்டும் இடம் என்னும் வரிகள் 7. ஆக மொத்தம் 19 வரிகள். அந்த 7 வரிகளை எழுதாமல் விட்டு இருவரும் ஓராண்டை இழந்த தம்பதியரை நான் அறிவேன். "நான் சேர்கிறேன், நீ அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்" என்று பேசி முடிவெடுக்க அவர்களுக்குச் சங்கடம்; அந்தச் சங்கடத்துக்குக் கொடுத்த விலை அது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

இனி அந்த 2 லட்சம். உங்கள் மகளின் பெயரை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ எந்த ஆலோசகராலும் முடியாது. அது மருத்துவமனையின் கையில் இருக்கிறது. மூன்று பெயர்களைப் பிடித்த வரிசையில் எழுதுவதற்கு 2 லட்சமா? இடம் கிடைத்தால் "என்னால்தான்" என்பார். கிடைக்காவிட்டால் "உங்கள் மகள் நேர்காணலில் சொதப்பிவிட்டார்" என்பார். இதே ஆட்கள் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருகிறோம், பொருத்தலுக்கு முன்பே இடம் பேசி முடிக்கிறோம் என்றும் வருவார்கள். போலிக் கடிதம் பிடிபட்டால் அது உங்கள் மகளின் பெயரில் பதிவாகும், ஆலோசகர் பெயரில் அல்ல.

இவர்களை வளர்த்துவிடுவது நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடுதான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். அழைப்பு வருமா என்ற பயத்தில் நூறு இடங்களுக்கு விண்ணப்பிப்பவர் விண்ணப்பக் கட்டணமாக மட்டும் 2,430 டாலர், அதாவது நம் பணத்தில் 2 லட்சத்துக்கு மேல், கட்டுகிறார். அழைக்காதவர்கள் காரணம் சொல்வதில்லை. இத்தனை அழகாகப் பொருத்திப் பார்க்கும் கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களால், யாரை அழைப்பது என்பதை நேர்மையாக முடிவு செய்யும் வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது.

மூன்று நேர்காணல் என்பது குறைவுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2024-இல் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 விழுக்காட்டினருக்குத்தான் முதலாண்டு இடம் கிடைத்தது. பொருத்தல் வாரத்தின் திங்கட்கிழமையன்று "இடமில்லை" என்று வந்தால், மீதமுள்ள இடங்களுக்கு அதே வாரத்தில் 45 விண்ணப்பங்கள் வரை போடலாம். அந்த நாட்களில் மருத்துவமனை தானாக அழைக்கும்வரை மகளோ, நீங்களோ, மகளின் பெயரைச் சொல்லி எந்த ஆலோசகரோ அங்கே தொலைபேசியில் பேசக் கூடாது. பேசினால் அது விதிமீறல்.

பட்டியலை எழுதிச் சேமித்து வைத்தால் போதாது. சான்றளிக்கும் பொத்தானை அழுத்தாத பட்டியலைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது. கெடு முடிவது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 9 மணி, மதுரையில் மறுநாள் காலை 7.30. உங்கள் மகள் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, சான்றளிக்கப்பட்டது என்று காட்டும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.