ஏடிஎச்டி இருக்கும் ஒருவரின் நாள் உள்ளுக்குள் எப்படிப் போகும்?

கேள்வி: என் மனைவிக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு, இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நான் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

எனக்கும் 33 வயதில் டாக்டர் அதையேதான் எழுதிக் கொடுத்தார். வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில். உங்கள் மனைவியின் நாள் அச்சு அசலாக என்னுடையது போலவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னென்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் தொடங்குவதுதான் பாடு.

எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் விடியற்காலையில் வரும், அடி பம்பில் அடித்துப் பிடிக்க வேண்டும். முதல் குடம் நிரம்பியதும் அடுத்ததை எடுக்க உள்ளே வருவேன். அடுப்பில் பால் இருக்கும். பாலைப் பார்த்ததும் டீத்தூள் தீர்ந்துபோனது ஞாபகம் வரும். குறித்துவைக்கப் போனை எடுத்தால் அக்காவின் வாய்ஸ் மெசேஜ். அதைக் கேட்டுக்கொண்டே பையனின் யூனிஃபார்மைத் தேட ஆரம்பித்திருப்பேன். "இன்னாமா, கொடத்த வெச்சிட்டு எங்க போய்ட்ட?" என்று பக்கத்து வீட்டம்மா குரல் கொடுக்கும்போதுதான் குடம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் திரும்ப வரும். அதுவரை அது என் மனதின் எந்த மூலையிலும் இருந்திருக்காது. செய்துகொண்டிருக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைத்திருக்கும் திறனை வொர்க்கிங் மெமரி என்கிறார்கள். எங்களில் பலருக்கு அந்தப் பிடி சீக்கிரம் நழுவிவிடும்.

ஆபீஸில் நடப்பதைத்தான் மற்றவர்களால் நம்பவே முடிவதில்லை. கப்பலில் சரக்கு அனுப்புபவர்களுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் வேலை பார்க்கும் கம்பெனி எங்களுடையது. சாயங்காலம் கட்-ஆஃப், அதாவது பேப்பர் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், என்று இருக்க, மதியத்துக்கு மேல் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் வந்து விழும். அப்போது என்னைப் பார்க்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர் எதுவும் தோன்றாது, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லை, சரக்கு வகையைக் குறிக்கும் எச்.எஸ். கோடு ஒன்றுகூடப் பிசகாமல் தட்டி, கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட்டில் ஏற்றிவிடுவேன். அதே நான், ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய இரண்டு வரி மெயிலை நாள்கணக்கில் போட்டுவைத்திருப்பேன். திறப்பேன், என்ன எழுத வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தெரியும், விரல் நகராது. ஏர் லாக் ஆன மோட்டார் மாதிரி: சுவிட்ச் போட்டாயிற்று, சத்தமும் வருகிறது, தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாள் போனால் அந்த மெயிலில் தாமதத்துக்கு மன்னிப்பும் சேர்த்து எழுத வேண்டும். நான்காம் நாள் அதைத் திறக்கவே பயமாகிவிடும். இரண்டு வரி மெயில் அதற்குள் மலையாக வளர்ந்திருக்கும்.

இதைப் பார்ப்பவர்கள் "இஷ்டம் இருந்தா செய்யுறா, இல்லன்னா விட்டுடுறா" என்கிறார்கள். மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் வேலை செய்யும் விதத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு. நெருக்கடி, ஆர்வம், புதுமை இருந்தால் உந்துதல் கிடைத்துவிடும். 'முக்கியமான வேலை' என்பது மட்டும் எங்களுக்குப் போதுமான உந்துதல் தருவதில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சோம்பலாகப் படுத்திருப்பவர் ஓய்வாவது எடுக்கிறார் அல்லவா? மெயிலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில் நான் களைத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறேன்.

நேரக் கணக்கும் அப்படித்தான். கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது உள்ளுக்குள் எனக்குத் தெரிவதில்லை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் ஆகும் நேரம் அந்தக் கணக்கில் வரவே வராது.

இவ்வளவு நாள் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். வகுப்பில் எழுந்து ஓடும் பையனைத்தான் டீச்சர்கள் கவனித்தார்கள். ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு 'கவனம் போதாது' என்று ரிப்போர்ட் கார்டில் ஒரு வரி, அவ்வளவுதான். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் டாக்டர் பழைய ரிப்போர்ட் கார்டுகளைக் கேட்டார். அம்மா டிரங்கு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வளர்ப்பு சரியில்லையோ என்று அம்மா கலங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. இது பரம்பரையாக வருவது மிகவும் அதிகம், வளர்ப்பால் வருவதில்லை. உங்கள் மாமியாரும் அப்படிக் கலங்கினால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடங்களாக இதைத்தான் சொல்லிவருகிறார்: பிரச்சினை அறிவில் இல்லை, அறிந்ததைச் செய்வதில் இருக்கிறது, ஆகவே உதவியும் வேலை நடக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது எல்லாக் குடங்களும் ஒரே நடையில் பம்படிக்குப் போய்விடும், இடையில் உள்ளே வரும் வேலையே கிடையாது. சாவிக்கு வாசற்கதவிலேயே ஆணி. முன்பெல்லாம் என் கணவர் "ஈபி பில் கட்டினியா?" என்று மத்தியானம் போன் போடுவார், அந்தக் கேள்வியால் பில் ஒருநாளும் கட்டப்பட்டதில்லை. இப்போது ராத்திரி தன் வேலையை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருகிறார். அறிவுரை எதுவும் சொல்வதில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்தாலே எனக்குக் கை ஓடுகிறது, பில் முடிந்துவிடுகிறது.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் அந்தப் பேச்சு வரும். மீதைல்ஃபெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். அட்டமாக்ஸெட்டின் வேறு வகை, பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். எது, எவ்வளவு என்பதை மனநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும், "இதுக்கெல்லாம் மாத்திரையா" என்று சொந்தக்காரர்கள் முடிவுசெய்யக் கூடாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அவர் வேலை முடிந்து வந்ததும் அன்று விட்டுப்போனதையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொல்லாதீர்கள். அந்த வரிசையைப் பகல் முழுக்க அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். சாப்பிட்ட பிறகு, எது ரொம்ப அழுத்துகிறது என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் அவர் தொடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.