140 டாலர் பாக்கெட் பிஸ்டல்: வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சின்னக் கடை நடத்துகிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். ராத்திரி கடையைப் பூட்டிக் காருக்குப் போகும்போது கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. பக்கத்து அடகுக்கடையில் ரேவன் எம்.பி-25 என்ற பிஸ்டல் 140 டாலருக்கு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. உபயோகப்படுமா? பின்னால் விற்றால் நல்ல விலை போகுமா?

பதில்: வாங்காதீர்கள். தோட்டா சின்னது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

இந்தத் துப்பாக்கி பிறந்ததே ஒரு சட்டத்தின் சந்தில்தான். ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த மலிவான சின்ன பிஸ்டல்களின் இறக்குமதியை 1968-ல் அமெரிக்க காங்கிரஸ் நிறுத்தியது. உள்ளூரிலேயே செய்தால்? அதற்குத் தடை இல்லை. 1970-ல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கலிஃபோர்னியாவில் ரேவன் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய சொந்தபந்தம், தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு இறங்க, லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. உடம்பு முழுக்கத் துத்தநாகக் கலவை வார்ப்பு. பொம்மைக் கார் வார்க்கிற அதே வகை உலோகம். குழலுக்குள் மட்டும் எஃகு. இல்லினாய் மாநிலத்தில் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகிவிடும் துத்தநாகக் கைத்துப்பாக்கியை உரிமம் பெற்ற கடைக்காரர் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. துப்பாக்கியின் தரத்தை உருகுநிலையால் அளந்த சட்டம்! உங்கள் டெக்சஸில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, தோட்டாவுக்கு வருவோம். இந்த ரேவன் சுடுவது .25 காலிபர், அதாவது சுமார் கால் அங்குல விட்டமுள்ள தோட்டா. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் உருவாக்கியது. சின்னக் குழலிலிருந்து கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 85 ஜூல். .32-க்கு ஏறக்குறைய 170, .380-க்கு 260, போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் 9 எம்.எம்.முக்கு 450-க்கும் மேல். .22-ஐவிட இதில் ஒரு நன்மை உண்டு. .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிவிளிம்பில் பரவியிருக்கும், சில சமயம் பற்றாமல் ஏமாற்றும்; .25-ல் நடுவில் தனி கேப் இருப்பதால் ஊசி பட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும்.

‘சின்னத் தோட்டா ஆளைக் கொல்லாது’ என்பவரையும் நம்பாதீர்கள், ‘எதிராளி உடனே சுருண்டு விழுந்துவிடுவான்’ என்பவரையும் நம்பாதீர்கள். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஜனாதிபதி ரேகனைச் சுட்டது இதே ரகத்தைச் சேர்ந்த ஆர்.ஜி-14 என்ற .22 ரிவால்வர். அதுவும் டெக்சஸில், டாலஸ் அடகுக்கடை ஒன்றில் 50 டாலருக்கும் குறைவாக வாங்கியதுதான். ஒரு தோட்டா காரில் பட்டுத் திரும்பி ரேகனின் இடது அக்குள் வழியாக நுரையீரலுக்குள் போனது. அவருக்கோ சுடப்பட்டதே தெரியவில்லை. காவலர் காருக்குள் தள்ளியதில் விலா எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். மருத்துவமனைக்குள் நடந்தே போனார். அதே ரிவால்வரின் இன்னொரு தோட்டா தலையில் பட்ட அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடிக்குக் கடைசிவரை உடம்பு தேறவில்லை. ராத்திரி உங்களை நோக்கி ஒருவன் ஓடி வருகிறான் என்றால் அவனை அந்த நொடியில் நிறுத்துவதுதான் உங்கள் தேவை. அதைத்தான் இந்தத் தோட்டா செய்யும் என்று சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பெரிய காரணம். ரேவனில் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், தோட்டா ஏறியபின், சுடும் ஊசியை ஸ்பிரிங் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை மறித்து நிற்பது ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான். இப்போதைய பல பிஸ்டல்களில் டிரிகரை முழுக்க இழுத்தால் ஒழிய ஊசி நகராதபடி தனித் தடுப்பு இருக்கும்; இதில் கிடையாது. வார்ப்பு உலோகம், எத்தனை கை மாறியதோ தெரியாத பழைய சரக்கு. கார் சாவி எடுக்கும்போது பாக்கெட்டிலிருந்து நழுவி கான்கிரீட்டில் விழுந்தால் தானே வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இதன் சேம்பரைக் காலியாகவே வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால், ஆபத்து வரும்போது ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) பின்னால் இழுத்துத் தோட்டாவை ஏற்ற இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் கல்லாப்பணப் பையோடு நிற்கும் உங்களுக்கு அது நடக்கிற காரியமா?

சகோதரக் கம்பெனியான பிரைகோவின் மாடல் 38 இன்னும் மோசம். தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியைத் தளர்த்தியாக வேண்டும். 1994-ல் ஒருவர் அப்படி எடுக்கப்போய் அது வெடித்ததில், 7 வயதுப் பையன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். 2003-ல் ஜூரி போட்ட இழப்பீட்டில் கம்பெனி திவாலானது. ஏலத்தில் அதை வாங்கி, மிச்சத் துப்பாக்கிகளை உருக்கிவிட அந்தப் பையன் தரப்பு முயன்றது. ஆனால் தொழிற்சாலையின் பழைய மேலாளரே ஏலத்தில் எடுத்து, ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் மறுபடி கடை திறந்தார்.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். ஏறாது. புதிதாக விற்ற காலத்தில் 60, 70 டாலர். பண வீக்கத்தைக் கழித்தால் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ரேவன் தொழிற்சாலை 1991-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கம்பெனியின் கதை முடிந்தது, பழுது பார்த்துத் தர அது இப்போது இல்லை. .25 தோட்டாவோ 9 எம்.எம்.மைவிடக் கணிசமாக விலை கூட. ‘துப்பாக்கியைக் கொடுத்துப் பரிசு அட்டை வாங்கிக்கொள்’ என்று நகரங்கள் முகாம் போடும்போது இந்த ரகம்தான் அதிகம் வந்து விழும். அங்கே கொடுப்பதே லாபம் என்று சேகரிப்பாளர்கள் கிண்டல் செய்வார்கள்.

மாற்று வேண்டுமென்றால், பாக்கெட்டுக்கு என் முதல் தேர்வு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற .38 ரிவால்வர். ஐந்து தோட்டா, சுமார் 400 கிராம். கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடுப்பு உண்டு. பிஸ்டல்தான் பிடிக்கும் என்றால் ரூகர் எல்.சி.பி., .380. அதிலும் குறை வந்தது: வெளிவந்த 2008-லேயே, விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து கம்பெனி திரும்ப வாங்கி இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. பழைய சரக்காக வாங்கினால் அந்த வேலை முடிந்ததா என்று சீரியல் எண்ணை வைத்துக் கேளுங்கள். கை மூட்டுவலியால் ஸ்லைடை இழுக்க முடியாதவர்களுக்கு மட்டும் சின்ன காலிபரைச் சொல்வேன்: பெரெட்டா பாப்கேட்டில் குழலை மேலே தூக்கி முதல் தோட்டாவைக் கையாலேயே போடலாம்.

உங்களைப் பார்த்து எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் கிளம்பிவிடப் போகிறார்கள். சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். வீட்டில் 17 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சஸில் தண்டனைக்குரியது. பூட்டுப்பெட்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், சுடும் பயிற்சிக்கூடத்தில் 642, எல்.சி.பி. இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பாருங்கள். குட்டித் துப்பாக்கி கையை எப்படி உதைக்கும் என்பது கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் தெரியாது.