தனிப் பாத்திரத்தில் வெந்த பருப்பு

கேள்வி: எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலி. 22 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள், கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் மட்டும் படிப்பதற்காகச் செப்டம்பரில் ஸ்பெயினில் உள்ள கிரனாடாவுக்குப் போயிருக்கிறாள். கல்லூரி ஏற்பாடு செய்த வீட்டில், கணவரை இழந்த 68 வயது அம்மாள் ஒருவருடன் தங்கியிருக்கிறாள். அங்கே எதுவுமே அவளுக்கு ஒத்துவரவில்லை. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. இரண்டு மணிக்கு அடைத்த கடைகளை ஐந்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். குளிக்கப் போனால் ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாள் கதவைத் தட்டுகிறாராம். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் திட்டு. 'சதை போட்டுவிட்டாய்' என்று முகத்துக்கு நேரே சொல்கிறாராம். வெளியே போனால், அமெரிக்கப் பெண் என்று சொன்ன பிறகும் 'உண்மையில் எந்த நாடு?' என்று கேட்கிறார்களாம். இவள் சைவம் என்பதால் அந்த அம்மாள் தனிப் பாத்திரத்தில் பருப்புக் குழம்பு வைக்கிறார். ஆனால் மதியம் வீட்டுக்குப் போய்வர நேரமாகிறது என்று இவள் வெளியிலேயே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறாள். அவர் தட்டை மூடி வைத்திருந்து, மாலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாராம். பணம் கட்டித்தானே தங்கியிருக்கிறாள்? நாங்கள் அவளைச் சுதந்திரமாக வளர்த்திருக்கிறோம். கூடப் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளோடு தனி வீட்டுக்கு மாற்றிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத தாய், நியூ ஜெர்சி

பதில்: கடை அடைக்கும் நேரத்தையும் குளியலறைக் கதவையும் பற்றி முறையிட்டுக்கொண்டே வந்த நீங்கள், போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி முறையீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். தனிப் பாத்திரத்தில் பருப்புக் குழம்பு வைக்கிறார் என்ற வரியைத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பாத்திரம் எப்படி அடுப்பில் ஏறுகிறது என்று உங்கள் மகள் ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா? ஸ்பெயின் வீடுகளில் முழு மசூர்ப் பருப்பைக் குழம்பு வைக்கும்போது, சொரிசோ என்னும் பன்றி இறைச்சித் துண்டங்களைப் பருப்போடு சேர்த்தே வேகவைப்பது வழக்கம். கொழுப்பும் சிவப்பு மிளகாய்த்தூளும் இறங்கித்தான் குழம்புக்கு நிறமும் மணமும் வருகின்றன. கடைசியில் துண்டங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சைவம் என்று பரிமாற முடியாது. ஆகவே அந்த அம்மாள் வெங்காயத்தையும் பூண்டையும் தனியே வதக்கி, தனி நீரில், தனி அடுப்பில் உங்கள் மகளுக்கென்று முதலிலிருந்து சமைக்கிறார். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் அடுப்பும் வெந்நீரும் ஆரஞ்சு நிறப் பியூட்டேன் சிலிண்டரில்தான் ஓடுகின்றன. அதில் பன்னிரண்டரை கிலோ வாயு இருக்கும். தீர்ந்தால் காசு கொடுத்து அடுத்ததை வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வீடாக இருந்தால், குளியலறைக் கதவை அவர் ஏன் தட்டுகிறார் என்ற கேள்விக்கு விடை சமையலறையில் இருக்கிறது. வெந்நீரில் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் அதே அம்மாள், உங்கள் பெண்ணுக்காக இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்கத் தயங்கவில்லை.

அதன் பிறகு தட்டு மூடியபடியே இருக்கிறது. இன்று மதியம் வரமாட்டேன் என்று உங்கள் மகள் காலையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாளா? சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் சமைத்திருக்கவும் மாட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவும் மாட்டார். முதல் வாரத்தில் வழி தெரியவில்லை, பழக்கம் புரியவில்லை என்று விட்டுவிடலாம். செப்டம்பரில் போனவள் இன்னமும் இப்படித்தான் நடந்துகொள்கிறாள் என்றால், இதைக் கலாசார வேறுபாடு என்ற பெயரில் மறைக்க நான் இடம் தர மாட்டேன். இது மரியாதைக் குறைவு. எந்த ஊரிலும், எந்த மொழியிலும் மரியாதைக் குறைவுதான்.

அங்கே மதியச் சாப்பாடு என்னவென்பதை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மேசையில் வேலை பார்த்தபடியே பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் மதிய உணவு போன்றதல்ல அது. நாளின் பெரிய சாப்பாடே அதுதான். முதலில் ஒரு தட்டு, அடுத்து ஒரு தட்டு, பிறகு பழம், அதற்கும் பிறகு யாரும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்குச் சோப்ரெமேசா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டரை மணி என்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தாமதமில்லை. ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே கிடந்தாலும், சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் 1940ஆம் ஆண்டு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள்; பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவேயில்லை. அதனால் குளிர்காலத்தில்கூடக் கிரனாடாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி ஒன்றேகாலை ஒட்டி இருக்கும். சூரியனைப் பார்த்துச் சொன்னால், அந்த அம்மாள் உங்கள் மகளைச் சாப்பிடக் கூப்பிடுவது உச்சி சாய்ந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில். திருநெல்வேலியில் உங்கள் தாயார் இலை போட்ட நேரமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருந்திருக்கும்.

'பணம் கட்டித்தானே தங்கியிருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அறைக்கும் அரிசி பருப்புக்கும் பணம் கட்டியிருக்கிறீர்கள், சரி. உங்கள் பிறந்த வீட்டில் ஒரு கல்லூரிப் பெண் மாதப் பணம் கொடுத்துத் தங்கியிருந்து, சோற்றை வடித்து வைத்துக் காத்திருக்கும் உங்கள் தாயாருக்குத் தகவல் சொல்லாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், அவர் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் தாயைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும்.

சுதந்திரமாக வளர்த்தோம் என்கிறீர்கள். கார் ஓட்டவும் வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளவும் தனியாக விமானம் ஏறவும் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, பெண் பிள்ளைகளுக்கு அவை அவசியம். ஆனால் ஒருவர் தனக்காக உலை வைத்திருக்கிறார் என்பதை உணர்ந்து அதற்கு ஏற்றபடி தன் நேரத்தை வளைத்துக்கொள்வதையும் ஒரு தாய்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வீடு என்றால் ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் சேர்ந்திருக்கும் இடம் என்று நம்புகிறவள் நான். நான்கு மாதம் மட்டுமே இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். ஸ்பெயினில் பிள்ளைகள் சராசரியாக முப்பது வயதைத் தாண்டித்தான் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே போகிறார்கள். வாடகை உயர்வும் வேலைப் பஞ்சமும் அதற்குப் பெரிய காரணங்கள், ஆகவே அதைப் பெருமையாக எடுத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மதியம் இரண்டரை மணிக்கு வாசல் மணி அடிக்கும் என்று வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்துப் பழகிய ஒரு பெண்மணியின் வீட்டில், அந்த நேரத்தில் மணி அடிக்காமலே போவது சின்ன விஷயமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரனாடா, சியரா நெவாடா மலையடிவாரத்தில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர் இரவுகளில் குளிர் பூச்சியத்தை நெருங்கும், ஓடு பதித்த தரை சில்லிட்டுப் போகும். செருப்பை வாசலில் விட்டுப் பழகிய நமக்கு வீட்டுக்குள் செருப்பு உறுத்தத்தான் செய்யும். இருந்தாலும் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சதை போட்டுவிட்டாய் என்பதற்கு அவள் புண்படுவது நியாயம். நம் சொந்தங்களும் கல்யாண வீட்டில் அதைத்தான் சொல்கிறார்கள், அங்கேயும் எனக்கு அது பிடிக்காது. அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவள் நேரடியாகச் சொல்லலாம்.

'உண்மையில் எந்த நாடு' என்ற கேள்வி வேறு வகையானது. நிறத்தைப் பார்த்து அவளுடைய பிறப்பையே சந்தேகிக்கும் கேள்வி அது. அதை அவள் சிரித்துக்கொண்டு சகிக்க வேண்டியதில்லை. பிறந்தது அமெரிக்கா, பெற்றோர் தமிழர் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடட்டும். ஆனால் தெருவில் யாரோ கேட்டதற்கான கோபத்தை, அவளுக்காகப் பருப்பு வேகவைக்கிறவர் தலையில் இறக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

தனி வீட்டுக்கு மாற்றுவதா என்று கேட்டீர்கள். மாற்றாதீர்கள். 1923ஆம் ஆண்டு டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பியபோது தொடங்கியதுதான், அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிக்கும் இந்த ஏற்பாடு. அந்த நாட்டு மக்களோடு வாழ்ந்து அவர்களுடைய மொழியையும் நடப்பையும் கற்கவே அவர்களை அனுப்பினார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு, ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்வதற்குக் கடல் தாண்ட வேண்டிய அவசியமில்லை; அதற்கு நியூ ஜெர்சியே போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அவளுடைய வகுப்பு அட்டவணையை வாங்கிப் பாருங்கள். எந்தெந்த நாளில் மதியம் வீட்டுக்கு வர முடியும், எந்த நாளில் முடியாது என்பதை அவள் ஒரு தாளில் ஸ்பானிய மொழியில் எழுதி, அந்த அம்மாள் கையில் கொடுக்கட்டும். திடீரென மாற்றம் வந்தால், அவர் காலையில் கடைக்குப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். இதுவரை வீணான சாப்பாட்டுக்காக நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அலைபேசியில் செய்தியாக அனுப்பக் கூடாது. வரும் நாட்களில், அவர் எழுந்திருக்கும்வரை மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. விடுமுறை நாள் ஒன்றில் அந்த அடுப்படியில் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக் கொடுக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு இத்தனை நாளாகச் சோறு போடும் ஒருவரிடம் நீங்கள் ஒருமுறைகூடப் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை நேரத்தில் வீடியோவில் அழையுங்கள். அங்கே அவர்கள் மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மகள் நடுவில் இருந்து மொழிபெயர்க்கட்டும். முதலில் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பருப்புக்கு நன்றி சொல்லுங்கள்.