விண்டோஸ் 11 போட்ட பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது, மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி இதுதான்: பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருப்பவர் கேட்கிறார். ஐ5 நான்காம் தலைமுறை ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 4+4 ஜிபி ராம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்; சாட்டா என்பது அதை போர்டோடு இணைக்கும் முறை) போட்டு, விண்டோஸ் 11 ஏற்றியிருக்கிறார். அன்றிலிருந்து தினம் நான்கைந்து முறை ஹேங். சர்வீஸ் ஆள் போர்டை மாற்றச் சொல்கிறார்.

போர்டைக் கடைசியாகப் பாருங்கள். ஒரே நாளில் எஸ்எஸ்டி, விண்டோஸ் என்று இரண்டை மாற்றியிருக்கிறீர்கள்; அன்றிலிருந்துதான் தொல்லை. சந்தேகம் முதலில் அந்த இரண்டின் மேல்தான் விழ வேண்டும்.

அடுத்த முறை நின்றவுடன் பவர் பட்டனை அழுத்தாமல் ஒரு நிமிடம் கவனியுங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு மாறுகிறதா? மவுஸ் நகர்கிறதா? கேபினெட்டில் டிஸ்க் விளக்கு அணையாமல் நின்று எரிகிறதா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் தொடர்கிறதா?

மவுஸ் நகர்ந்து, எதைக் கிளிக் செய்தாலும் திறக்காமல், டிஸ்க் விளக்கு நின்று எரிந்து, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டால் அது எஸ்எஸ்டி. உங்கள் விவரத்தைப் படித்தவரை எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். உறுதிப்படுத்த, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். ஹேங் ஆன நேரத்தில் 129 அல்லது 153 என்ற எண் இருந்தால், டிஸ்க் பதில் சொல்லாமல் விண்டோஸ் காத்துக்கிடந்தது என்று பொருள். 41 என்ற கெர்னல் பவர் பதிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்ததைத்தான் அது சொல்கிறது. இந்த 41ஐக் காட்டி எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) விற்பவர்கள் உண்டு.

காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு ஏற்பாடு. வேலை இல்லாதபோது சாட்டா இணைப்பைத் தூங்க வைக்க விண்டோஸ் கட்டளையிடும். விலை குறைந்த சில எஸ்எஸ்டிகளுக்குத் தூங்கத் தெரியும், சரியாக எழுந்திருக்கத் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் இணைப்பு தூங்காது. பிறகு டிவைஸ் மேனேஜரில் சாட்டா கன்ட்ரோலர் இன்டெல் பெயரில் பழைய டிரைவரோடு இருந்தால், அப்டேட் டிரைவர் வழியாகப் பட்டியலிலிருந்து 'ஸ்டாண்டர்டு சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலர்' என்பதற்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருந்தால் மட்டும் இதைச் செய்யவும். வேறு என்றிருந்தால் தொட வேண்டாம், விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

கூடவே டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சி7 (C7) என்ற வரியின் எண்ணைக் குறித்து வைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் பழுது பெரும்பாலும் சாட்டா கேபிளில். அந்த எண் குறையவே குறையாது, ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளையே எஸ்எஸ்டிக்குப் போட்டிருந்தால், சோதனைக்கு முன்பே புதுசு மாற்றிவிடுங்கள்.

திரை மட்டும் உறைந்து பாட்டு தொடர்ந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும். திரை ஒருமுறை இருண்டு, உறைந்தது மறுபடி ஓடத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். ஈவென்ட் வியூவர் லாகில் 4101 இருக்கலாம். நான்காம் தலைமுறை ஐ5இல் இருக்கும் எச்டி 4600 கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 11 டிரைவர் வெளியிடவில்லை, விண்டோஸ் 10 டிரைவரைத்தான் ஓட்டுகிறோம். குரோமில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். சிலருக்கு அதோடு முடிந்துவிடும்.

கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை என்றால் விண்டோஸின் மையமான கெர்னலே நின்றுவிட்டது. ராம், மின்சாரம், அல்லது ஏதோ ஒரு டிரைவர். ஆன்லைன் சேவைக் கடைகளில் விரல் ரேகைக் கருவி, கையெழுத்து டோக்கன், பழைய பிரின்டர் என்று பத்து டிரைவர் குவிந்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டகிரிட்டியை ஆன் செய்ய முயன்றால், ஒத்துவராத டிரைவர்களைப் பெயரோடு பட்டியலிட்டு மறுத்துவிடும். அந்தப் பட்டியல்தான் நமக்கு வேண்டும். மறுக்காமல் ஆன் ஆகிவிட்டால் திரும்ப அணைத்துவிடுங்கள், இவ்வளவு பழைய ப்ராசஸரில் அது வேகத்தைக் குறைக்கும்.

ராமுக்கு, கடை மூடும்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள், நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிறகு ஒரு ஸ்டிக்கைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்து மறுபடி. 4+4 என்றால் பெரும்பாலும் இரண்டாவது பின்னால் வாங்கியது. வேகம் ஒன்றில் 1333, இன்னொன்றில் 1600 மெகாஹெர்ட்ஸ் ஆக இருக்கலாம். தங்கநிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்துச் செருகுவது வேடிக்கையாகத் தெரியலாம், வேலை செய்யும்.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென் டிரைவில் போட்டு, டிஸ்க்கில் ஏற்றாமலே லைவாக ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அதை அரைகுறையாகப் புரிந்துகொள்கிறார்கள். லைவில் ஹேங் ஆகவில்லை என்பதால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. அப்போது எஸ்எஸ்டி சும்மா இருந்தது, அவ்வளவுதான். எஸ்எஸ்டி கேபிளைக் கழற்றிவிட்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் விண்டோஸும் எஸ்எஸ்டியும் நிரபராதிகள்.

ஹேங் ஆகும் நேரத்தையும் எழுதி வையுங்கள். சுற்றுப்பக்கம் மும்முனை மின்சாரம் வந்து தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நேரத்தோடு பொருந்தினால், பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரில் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் மேலே எழுதிய வாட்டை நம்ப வேண்டாம்.

சூடு பற்றி ஒரே வரி: ப்ராசஸர் சூடானால் வேகத்தைக் குறைக்கும், மிஞ்சினால் அணைந்துவிடும், உறைந்து நிற்பது அரிது. ஆனாலும் ரோட்டோரக் கடையில், அதிலும் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகே என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடிப்பது நல்லது. ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் தேறியும் நிற்கிறது, போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது என்றால்தான் போர்டு. எச்81 போர்டைத் தேடி ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போவதானால் உங்கள் ப்ராசஸர், ராம் இரண்டையும் கையோடு கொண்டு போய், கடையிலேயே மாட்டி பயோஸ் வருகிறதா, இரண்டு ராம் ஸ்லாட்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.