என்கே வால்வெள்ளிக்காக 60,000 ரூபாய்த் தொலைகாட்டி வாங்கலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 2027 பெப்ரவரியில் என்கே வால்வெள்ளி சூரியனை நெருங்குகிறது என்றும், அதன் நீண்ட வாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட 525 மடங்கு உருப்பெருக்கும் தொலைகாட்டி வேண்டும் என்றும் ஒருவர் பாடசாலைக்கு வந்து சொன்னாராம். விலை 60,000 ரூபாய். கூடவே ‘வால்வெள்ளிக் கல்’ ஒன்று இலவசம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முற்பணம் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

கொடுக்க வேண்டாம். வால்வெள்ளி வருவது மட்டும் உண்மை.

என்கே 3.3 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வருகிறது. 1786இல் மெஷேன் என்ற வானியலாளர் கண்டுபிடித்து, 1819இல் என்கே என்ற வானியலாளர் பாதையைக் கணித்த இந்த வால்வெள்ளி, இத்தனை முறை வெயிலில் காய்ந்ததால் பெரிதும் களைத்துப் போய்விட்டது. ஏறத்தாழ 4.8 கிலோமீற்றர் விட்டமுள்ள அதன் கரு, அதாவது நடுவிலுள்ள திடப்பகுதி, தன்மேல் விழும் ஒளியில் 5 வீதத்தைக்கூடத் திருப்பி அனுப்பாத அளவுக்குக் கருமையானது. உள்ளே பனிக்கட்டி இருந்தாலும், மேற்பரப்பின் பெரும்பகுதியைத் தூசிப் படலம் மூடியிருப்பதால், வாயு சில இடங்களிலிருந்தே பீறிடுகிறது. வெளிவரும் தூசியிலும் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும் நுண்துகள்கள் குறைவு. ஆகவே படங்களில் காணும் அகன்ற வாலை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. பைனாகுலரில் வட்டமான ஒரு மங்கல் திட்டே தெரியும்.

அந்தத் திட்டை 525 மடங்கு பெருக்கினால், ஒரு கரண்டிப் பாலை ஒரு வாளித் தேநீரில் ஊற்றியது போல இருக்கிற ஒளியும் பரவி மறைந்துவிடும். தொலைகாட்டியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்கத்தைப் பார்க்காதீர்கள்; முன்வில்லையின் விட்டத்தைக் கேளுங்கள். விட்டம் 60 மில்லிமீற்றர் என்றால் பயன்படும் உருப்பெருக்கம் 120ஐத் தாண்டாது, வால்வெள்ளிக்கு அதுவே அதிகம். ஆனால் நமது கொள்வனவு முறையில் மூன்று விலைக்கோரல்கள் இருக்கின்றனவா, எது மலிவு என்பதைத்தான் பார்க்கிறார்கள். வில்லையின் விட்டத்தைக் கேட்க ஒரு கட்டமும் படிவத்தில் இல்லை. முக்காலியில் நிற்காமல் ஆடும் விளையாட்டுச் சாமான்கள் பாடசாலை அலுமாரிகளில் தூசி பிடித்துக் கிடப்பது இதனால்தான்.

விற்பனையாளர் 2007 ஒக்டோபரில் நடந்த ஹோம்ஸ் வால்வெள்ளியின் கதையைச் சொல்லக்கூடும். அது மெய்யான விதிவிலக்கு என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றும் அந்தச் சிறு வால்வெள்ளி, சூரியனை நெருங்கிக் கடந்து சுமார் ஐந்து மாதங்களான பின், செவ்வாயின் பாதைக்கும் அப்பால் இருந்தபோது, இரண்டு நாட்களுக்குள் ஏறக்குறைய 5 இலட்சம் மடங்கு பிரகாசமாகி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதைச் சூழ்ந்த தூசி மண்டலம் சில வாரங்களில் சூரியனை விடவும் அகன்றது. 1892இல் அது கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படியொரு வெடிப்பின்போதுதான். ஆனால் அந்த வெடிப்பை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நிகழ்ந்த பின்னரோ அதைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இரண்டு வகையிலும் அவருடைய தொலைகாட்டிக்கு அங்கே வேலையில்லை.

கல்லைப் பற்றி இரண்டு வரி போதும். வால்வெள்ளியிலிருந்து வந்ததென உறுதிசெய்யப்பட்ட கல் எதுவும் பூமியில் கிடைக்கவில்லை. 2006இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்வெள்ளியிலிருந்து கொண்டு வந்ததும் நுண்ணிய தூசியே. இலவசக் கல் பெரும்பாலும் இரும்பு உருக்கிய கசடாக இருக்கும்.

உங்கள் உண்மையான தடை மலைதான். என்கே சூரியனுக்கு மிக அருகே, ஏறத்தாழ 5 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் நாட்களில், வானில் அது சூரியனிலிருந்து 20 பாகை அளவுக்கு மேல் விலகாது; நீட்டிய கையில் இரண்டு முட்டியின் அகலம் அவ்வளவுதான். பள்ளத்தாக்கில் இருக்கும் பாடசாலை மைதானத்தில் எதிர்மலை அந்த உயரத்தை முழுவதும் மறைத்துவிடக்கூடும். எனவே இப்போதே மைதானத்தில் நின்று, மேற்கிலும் கிழக்கிலும் மலைமுகடு எத்தனை முட்டி உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் அடிவானம் தெரியும் ஒரு தேயிலை மேட்டைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள். எந்த நாளில் எந்தத் திசையில் என்பதை ஸ்டெலேரியம் என்ற இலவச மென்பொருள் காட்டும். சங்கம் பணம் செலவிட்டே ஆக வேண்டுமென்றால் 10 மடங்கு, 50 மில்லிமீற்றர் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். விலைக்கோரலில் அந்த 50ஐ மறக்காமல் எழுதுங்கள்.