கசப்பின் சாயல்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ‘அவர் குரலில் கசப்பின் சாயல் இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் கேட்கிறேன். சாயல் முகத்துக்கு உரியது அல்லவா? ‘அப்பாவின் சாயல்’ என்போம். குரலுக்குத் ‘தொனி’ என்றல்லவா வரவேண்டும்?

ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் தொனி என்றுதான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தொனி பேசுகிறவர் கையில் இருக்கிறது. நம் ஊர் ‘லா’வையே பாருங்கள். ‘சரி லா’ என்பதை இழுத்தால் கெஞ்சல், வெட்டினால் எரிச்சல். இரண்டும் தெரிந்தே செய்வது. நான் எழுதிய மனிதரோ மகனின் திருமணத்தைப் பற்றி மகிழ்ச்சியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கசப்பு அவரை மீறி ஒட்டிக்கொண்டு வந்தது. (9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர், சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளையே த்வனி என்றார். நம் அன்றாட வழக்கு அதைக் குரலோடு நிறுத்திக்கொண்டது.)

சாயல் முகத்தோடு முடிகிறதா? தொல்காப்பிய உரியியல் ‘சாயல் மென்மை’ என்று இரண்டே சொல்லில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியிடம், உன் சாயலுக்குத் தோற்று மயில் காட்டுக்குள் போய்விட்டது என்கிறான். மயிலுக்கும் கண்ணகிக்கும் முக ஒற்றுமை என்றா கொள்வது?

மயில் என்றதும் பினாங்கு ஸ்ட்ரீட் புடவைக் கடை ஒன்று நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டு பார்த்தோம். பாவில் நீல நூல், ஊடையில் பச்சை நூல். கடைக்குள் விளக்கடியில் அது நல்ல நீலம். கடைக்காரர் முந்தானையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். மடிப்புக்கு மடிப்பு பச்சை ஓடியது. ‘பச்சைச் சாயல் அதிகம்’ என்று என் மனைவி தள்ளிவிட்டார். அவர் தள்ளியது எந்த நூலையும் அல்ல, திருப்பும்போது மட்டும் தெரிந்த ஒன்றை. அந்த மனிதரின் குரலில் நான் கேட்டதும் அதைப் போன்றதுதான். ஆகவே அந்த வரியை மாற்றப் போவதில்லை.

ஆனால் அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘அதிகாரி கண்டிப்பான சாயலில் பேசினார்’ என்றும் எழுதியிருக்கிறேன். அங்கே தொனிதான் வரவேண்டும். உங்கள் சிவப்பு மையிலிருந்து அது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. திருத்திவிட்டேன்.